கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய பை

தூண்டில் சாமான் வைக்க ஒரு பை. அதை வாங்க ஒரு மனுஷிக்கு எவ்வளவு நேரம் ஆகும்? என் கடைக்கு வருகிறவர்கள் கையிலிருக்கும் காப்பி ஆறுவதற்குள் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பெல்மிரா ஃபுர்த்தாதோவுக்கு ஒரு வசந்தமும் ஒரு கோடையும் போதவில்லை. அதுவரை அவளுடைய முள்ளும் ஈயக்குண்டும் பெயின்ட் வாளி ஒன்றில் கிடந்தன. கல்வர் கோவ் துறை முழுக்க அவளுக்கு 'வாளி கேப்டன்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். முகத்துக்கு நேரே சொல்லத்தான் ஒருத்தருக்கும் துணிச்சல் கிடையாது.

நான் இடலினா. துறையின் முனையில் இரையும் தூண்டிலும் விற்கிற கடை என்னுடையது. என் தாத்தாவும் பெல்மிராவின் தாத்தாவும் அசோர் தீவுகளிலிருந்து ஒரே கப்பலில் இந்த மாசச்சூசெட்ஸ் கரைக்கு வந்து இறங்கியவர்கள். நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு, கோயிலில் ஒரே பெஞ்சு. நான் வாயாடி. அவள் ஒரு வார்த்தை பேசுவதற்குள் எனக்கு இரண்டு முறை பசி எடுத்துவிடும். அப்படியும் எப்படியோ சிநேகிதம் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் புருஷன் கஸ்பார், 'சாந்த ரீத்தா' என்ற படகில் நகரத்து ஆட்களை மீன்பிடிக்கக் கூட்டிப்போகிறவன். கூடமாட வேலைக்குத் தம்பி அமதேயு. கஸ்பார் நல்ல மனுஷன், ஆனால் ஒழுங்கு என்பது அவன் பக்கமே தலைகாட்டாது. பச்சை கான்வாஸ் பை ஒன்று வைத்திருந்தான். ஒரே வாய், ஒரே வயிறு. முள், கம்பி, பொய் மீன், தின்று மீதி வைத்த ரொட்டி, ஜெபமாலை எல்லாம் அதற்குள்தான் கிடக்கும். கையை விட்டால் என்ன வரும் என்று அவனுக்கே தெரியாது. அவனுடைய கத்திக்கும் ஒரு இடம் கிடையாது. சில நாள் பையில், சில நாள் சுக்கான் பக்கத்தில், சில நாள் இடுப்பில்.

ஒருநாள் நங்கூரம் போடும்போது கயிறு அவன் காலைச் சுற்றிக்கொண்டது. இரண்டு கையாலும் முன்பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு "கத்தி! கத்தி!" என்று கத்தியிருக்கிறான். அமதேயு பையைத் துழாவினான், சுக்கான் பக்கம் ஓடினான், திரும்ப வந்து பையைத் தலைகீழாகக் கொட்டினான். கொட்டி முடித்து நிமிர்ந்தபோது கம்பியில் யாரும் இல்லை. கயிற்றை இழுத்தார்கள். ஒரு ரப்பர் பூட்ஸ் மட்டும் வந்தது. உடம்பு இன்றுவரை கிடைக்கவில்லை.

பையிலிருந்த சாமான் எல்லாவற்றையும் துறைப் பலகையில் பரப்பினார்கள். ரொட்டித் துண்டுகூட இருந்தது. கத்தியைக் காணோம்.

"தேடினேன் அண்ணி. எல்லா இடத்துலயும் தேடினேன்" என்று அமதேயு அழுதான். பெல்மிரா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்புகிறேன் என்றும் சொல்லவில்லை, நம்பவில்லை என்றும் சொல்லவில்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? பயத்தில் அவனுக்குக் கைகால் விளங்காமல் போயிருக்கும் என்றார்கள், முதல்நாள் குடித்தது தெளிந்திருக்காது என்றார்கள். அவனோ அண்ணி ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தான்.

படகை விற்றுவிடுவாள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். பெல்மிரா கேப்டன் பரீட்சை எழுதி, இன்ஜினைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொண்டு, அதே படகை அதே அமதேயுவோடு ஓட்டினாள். தினமும் காலையில் அவனுக்கும் சேர்த்துக் காப்பி கொண்டுபோவாள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவள் சொல்லவே இல்லை. எனக்கு அது பொறுக்காது. "அடியே, ஒண்ணு அவனைத் திட்டித் தொலை, இல்ல மன்னிச்சுத் தொலை" என்று எத்தனை முறை சொன்னேன்! காதில் போட்டுக்கொள்ளவே மாட்டாள்.

அந்தப் பச்சைப் பை கடைசியில் மக்கி அடி பிய்ந்துபோனது. அப்போதுதான் இந்தக் கூத்து தொடங்கியது.

மீன் பெட்டிகள் அடுக்கியிருக்கும் மூலையில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்காருவாள். மடியில் ஒரு பை. அதில் தன் சாமானை எல்லாம் அடுக்குவாள், அதன் வெளிப்பக்கத்துச் சின்னப் பையில் கத்தியைச் செருகுவாள். பிறகு கண்ணை மூடிக்கொள்வாள். நான் வேறு யாருக்காவது புழு நிறுத்துக்கொண்டிருக்கும்போது, அவள் எதிர்பார்க்காத நேரத்தில், "கத்தி!" என்று கத்த வேண்டும். அவள் கை போகும். ஒரு மூச்சுக்குள் கத்தி கைக்கு வந்தால் பை தேறியது. வரவில்லையென்றால் அடுத்த பை.

ஒன்றும் தேறவில்லை. ஒன்றில் ஜிப் உப்பில் இறுகிவிடும் என்றாள். ஒன்றில் மூடி இரண்டு தட்டாக இருந்தது, கை குழம்பியது. கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டி படகு ஆடும்போது வழுக்கி ஓடும். இன்னொன்றின் அடி தண்ணீரை உறிஞ்சும். நான் போட்ட கத்தலில் ஒருமுறை ஒரு நகரத்துக்காரர் காப்பியை மேலே கொட்டிக்கொண்டு போனவர் திரும்பி வரவே இல்லை.

"ரெண்டு கத்தி வெச்சுக்கோயேன்டி. ஒண்ணு பையில, ஒண்ணு இடுப்புல" என்றேன்.

"ஒரு கத்தி, ஒரு இடம்" என்றாள். "ரெண்டு இடம் இருந்தா கை ரெண்டு பக்கமும் ஓடும். ஓடினதுதான் பார்த்தோமே."

அமதேயுவின் மடக்குக் கத்தியைக்கூடப் பிடுங்கி வீட்டில் வைத்துவிட்டாள். இது கிறுக்குத்தனம் என்று அவள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவள் கேட்டால்தானே!

ஆகஸ்ட் கடைசியில் தூறல் போட்ட ஒரு காலை, கடையில் நாங்கள் இருவர் மட்டும். புதிதாக வந்த பைகளை மேஜையில் வைத்துவிட்டு நான் தராசுக்குத் திரும்பினேன். அவளாக எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கத்தி!" என்று கத்தினேன். திரும்பிப் பார்த்தால் கத்தி அவள் கையில் இருந்தது. நான் வாயை மூடுவதற்கு முன்பே வந்துவிட்டதுபோல இருந்தது.

"இன்னொரு தரம்" என்றாள் கண்ணைத் திறக்காமல். கத்தினேன். கத்தி கையில். மறுபடியும் அப்படியே. அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. அதைப் பார்த்து எவ்வளவு நாளாகியிருந்தது!

"இதுதான்டி. கை தானாப் போகுது. யாரோ எடுத்துக் குடுக்கற மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் திறந்தாள். அப்போதுதான் நானும் பையைச் சரியாகப் பார்த்தேன்.

பை கறுப்பு.

எங்கள் துறையில் படகில் வாழைப்பழம் ஏற்ற மாட்டார்கள், விசில் அடிக்க மாட்டார்கள். இதெல்லாம் சிரித்துக்கொண்டே கடைப்பிடிப்பது. கறுப்புப் பை விஷயத்தில் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். கடலில் செத்தவனைக் கட்டிக் கொண்டுவருவது கறுப்புப் பையில். வெறும் பையாகப் படகில் ஏறினால் அது நிரம்பாமல் இறங்காது என்பார்கள். நகரத்து ஆள் தெரியாமல் கொண்டுவந்தால் கரையிலேயே பிடுங்கி வைத்துவிடுவார்கள். மறைத்து ஏற்றியிருந்தால் நடுக்கடலில் தூக்கி எறிந்துவிடுவார்கள்.

அப்படியிருக்க நான் ஏன் கறுப்புப் பை விற்கிறேன்? விற்கவில்லை. நீலத்துக்குப் பதில் அதை மாற்றி அனுப்பிவிட்டார்கள். திருப்பி அனுப்ப என்று பின்னறையில் சாக்குக்கு அடியில் போட்டுவைத்திருந்தேன். மேஜையில் நான் வைக்கவே இல்லை.

"நீ உள்ளே போனியா?" என்றேன்.

"நான் எழுந்திருக்கவே இல்லையே. நீதானே மடியில வெச்சே?"

நான் எங்கே வைத்தேன்! தராசை விட்டு நான் நகரவே இல்லை. கத்தி இருந்த வெளிப் பைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. விரலில் மணல் ஒட்டியது. கூரை ஒழுகியிருக்கும் என்று சொல்லிவைத்தேன். கூரை ஒழுகினால் மணல் எப்படி வரும் என்று அவள் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

"அண்ணி, உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்று அன்று சாயந்தரம் அமதேயு என் கடையில் வந்து குதித்தான். "நான் அந்தப் பையோட ஏற மாட்டேன். ஆளை விடுங்க."

"கறுப்பு தெரியாம உறை போட்டுடறேன்" என்றாள் பெல்மிரா.

"பொணத்துக்குப் புதுச்சட்டை போட்டா பொணம் எழுந்து நடக்குமா?"

அவள் வீட்டுக்குப் போனாள். கஸ்பாரின் பழைய மஞ்சள் மழைக்கோட்டை வெட்டி, பைக்கு உறையாகத் தைத்துக்கொண்டு வந்தாள். அண்ணன் கோட்டைப் பார்த்ததும் அமதேயு சிறிது நேரம் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கோபத்தை என் பக்கம் திருப்பினான்.

"வித்தது நீதானே இடலினா அக்கா? நாளைக்கு இந்தப் பைக்கு வெள்ளோட்டம். நீயும் ஏறு. சாகறதா இருந்தா எல்லாரும் சேர்ந்தே சாவோம்."

"டேய், எனக்குக் குளியல் தொட்டியப் பார்த்தாலே வாந்தி வரும்டா."

"அப்ப பையைத் திருப்பி எடுத்துக்கோ."

பெல்மிரா என்னைப் பார்த்தாள். கெஞ்சத் தெரியாதவள் பார்க்கிற பார்வை அது. என் தலையெழுத்து, சரி என்றேன். அவளுக்கு நான் விற்றது நல்ல கத்தி: மஞ்சள் பிடி, துருப்பிடிக்காத ஸ்டீல். அதை வெளிப் பையில் அவளே செருகினாள்.

கிளம்பும்போது வெயில் அடித்தது. லிங்கீசா இறைச்சியும் இனிப்பு ரொட்டியும் கொண்டுபோயிருந்தேன். அவர்கள் தின்றார்கள், நான் தின்றதைக் கடலுக்குக் கொடுத்தேன். அமதேயு விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, மீனுக்கு இரை போடற வேலைய விடவே மாட்டியா?" பெல்மிராகூடச் சிரித்தாள். பை அவள் காலடியில் நகராமல் உட்கார்ந்திருந்தது.

பாறைத் திட்டுக்குப் பக்கத்தில் போனபோதுதான் பனிமூட்டம் வந்தது. எங்கள் ஊரில் அது வராத நாளா? ஆனால் அன்று அது வந்த மாதிரி நான் பார்த்ததில்லை. ஒரு பக்கமிருந்து நகர்ந்து வரவில்லை. தண்ணீரிலிருந்து எங்களைச் சுற்றி எழுந்தது. வெயில் அணைந்தது, சத்தம் செத்தது. என் கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. இன்ஜின் இருமியது, இன்னொரு முறை இருமியது, நின்றுவிட்டது.

பெல்மிரா இன்ஜின் மூடியைத் திறக்கப் பையை நகர்த்தினாள். கயிறு கட்டும் இரும்புக் கொக்கியில் மஞ்சள் உறை மாட்டி, சர்ரென்று மேலிருந்து கீழே கிழிந்தது. கிழிசலுக்குள் கறுப்பு தெரிந்தது.

"சொன்னேனே! சொன்னேனே!" அமதேயு பாய்ந்து வந்தான். உறையைப் பிய்த்துத் தளத்தில் போட்டான், பையைத் தூக்கினான்.

"டேய், கத்தி அதுலதான்டா இருக்கு!" என்று பெல்மிரா அலறினாள்.

அதற்குள் படகின் பின்பக்கமாக அதை எறிந்துவிட்டான். தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. பனி அதை விழுங்கிவிட்டது. பெல்மிரா கை ஓங்கினாள். ஆனால் அப்போது முன்னால் இன்னொரு சத்தம் கேட்டது. பாறையில் அலை உடைகிற சத்தம். நீரோட்டம் எங்களை அதன் மேலேயே கொண்டுபோய்க்கொண்டிருந்தது.

"நங்கூரம்! போடுடா சீக்கிரம்!"

அவன் முன்பக்கம் ஓடினான். அவசரத்தில் நங்கூரத்தைத் தூக்கிப் போட்டான். எங்கே நிற்கிறோம் என்று பார்க்கவில்லை. கயிற்றுச் சுருளுக்கு நடுவில் நின்றிருந்தான்.

அவன் கத்தின கத்தலை இன்னும் என் காதிலிருந்து எடுக்க முடியவில்லை. ஓடிப் பார்த்தால் கயிறு அவன் கணுக்காலை இறுக்கியிருந்தது. நங்கூரம் அடியில் பிடித்துவிட்டது. படகின் பாரம் முழுக்க அந்த ஒரு காலில். உடம்பு பாதி வெளியே. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தான். அவன் அண்ணன் பிடித்திருந்த அதே கம்பி.

"அண்ணி! கத்தி! கத்தி!"

ஒரு கத்தி, ஒரு இடம். அந்த இடத்தைத்தான் அவனே கடலில் எறிந்துவிட்டானே! பெல்மிரா முட்டி போட்டு அவன் தோளைக் கட்டிக்கொண்டாள். நானும் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. அவன் விரல்கள் ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து வழுக்கிக்கொண்டிருந்தன. மாதாவே, மாதாவே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது கேட்டது. டொக். டொக்.

முன்பக்கத்தில், எங்களுக்கு நேர் கீழே, படகின் மரத்தில் யாரோ தட்டுகிற மாதிரி. நிதானமாக, கதவுக்கு வெளியே நிற்கிற ஆள் தட்டுகிற மாதிரி. படகோ நங்கூரம் பிடித்ததில் நீரோட்டத்துக்கு எதிராகத் திரும்பி, கட்டிப்போட்டதுபோல நிற்கிறது. தண்ணீர் பின்பக்கமாக ஓடிக்கொண்டிருக்கிறது. பின்னால் எறிந்த பை நீரோட்டத்தோடு எப்போதோ போயிருக்க வேண்டும். அது நீரோட்டத்தை எதிர்த்து வந்து, முன்பக்கத்தில் தட்டிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். தண்ணீர் தெரியவில்லை. பனிக்குள் கறுப்பாக ஏதோ ஒன்று மட்டும் ஏறி இறங்கியது.

"என் காலைப் பிடிச்சுக்கோ" என்றாள் பெல்மிரா. அவள் குரல் தணிந்திருந்தது.

குப்புறப் படுத்துத் தலைகீழாகத் தொங்கினாள். நான் அவள் கால்களின் மேல் உட்கார்ந்துகொண்டேன். பார்க்க ஒன்றும் இல்லாததால் கண்ணை மூடிக்கொண்டதாகப் பிறகு சொன்னாள். கை போனது. ஒரு மூச்சுதான்.

கயிறு அறுந்தது. அமதேயு தளத்தில் வந்து விழுந்தான். படகு மறுபடி நகரத் தொடங்கியதும் பெல்மிரா ஓடிப்போய் இன்ஜினைத் திருகினாள். ஒன்றுமே நடக்காததுபோல் அது எழுந்து ஓடியது. அலை உடைகிற சத்தத்தை விட்டு விலகினோம். தட்டலும் நின்றுபோனது.

பாறை தாண்டியபிறகுதான் மூவரும் உட்கார்ந்தோம். கத்தி இன்னும் அவள் கையிலேயே இருந்தது. முதலில் பார்த்தவன் அமதேயு. வலியில் முனகிக்கொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்தினான். சிலுவை போட்டுக்கொண்டான்.

அது நான் விற்ற கத்தி இல்லை. மரப் பிடி. பிடியில் நீல நிற எலெக்ட்ரிக் டேப் சுற்றியிருந்தது. தீட்டித் தீட்டி மெலிந்த அலகு, மேலெல்லாம் துரு. அந்த டேப்பை என் கடைத் திண்டில் உட்கார்ந்துதான் கஸ்பார் சுற்றினான். பல்லால் கடித்து அறுத்தான். கடித்த இடம்கூட அப்படியே இருந்தது.

பெல்மிரா அந்தக் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அமதேயுவின் வீங்கின காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ தேடினது நிசம்தான் தம்பி" என்றாள். "இது பையில இல்லவே இல்ல. அவர்கிட்டதான், இடுப்புலயே இருந்திருக்கு."

அந்த ஆறடி ஆள் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குழந்தை மாதிரி தேம்பினான். எவ்வளவு வருஷத்து அழுகையோ! கரை வரும்வரை அவள் அவன் தலையைத் தடவிக்கொண்டே ஒரு கையால் சுக்கானைப் பிடித்தாள். நானும் அழுதேன், வாந்தியும் எடுத்தேன், இரண்டையும் மறைக்கவில்லை.

அடுத்த வாரம் பெல்மிரா கடைக்கு வந்தாள். கண்ணை மூடவில்லை, பெட்டியைக் கவிழ்க்கவில்லை. கண்ணில் பட்ட நீலப் பையை எடுத்தாள். கத்தி மட்டும் ஒரு கை நிறைய எடுத்தாள். ஒன்று முன்பக்கக் கம்பியில் கட்ட, ஒன்று சுக்கானுக்கு, ஒன்று அமதேயுவின் இடுப்புக்கு.

எனக்கு நாக்கு சும்மா இருக்காது. "ஏன்டி, நான் வித்த மஞ்சள் பிடிக் கத்தி என்ன ஆச்சு? அதைத்தானே நீ அந்தப் பையில வெச்சே?"

அவள் பையின் ஜிப்பை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள், மூடினாள்.

"அது அவர்கிட்ட இருக்கட்டும்" என்றாள். "துருப்பிடிக்காதுதானே?"

"பிடிக்காது" என்றேன்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் படகுக்குப் போனாள்.